மார்பு எக்ஸ்ரே: டிஜிட்டல் கருவியில் கேவியும் எம்ஏஎஸ்ஸும் சரியாக வைப்பது எப்படி

ஃபிலிம் காலத்தில் தப்பு உடனே தெரிந்தது. எம்ஏஎஸ் (டியூபின் மில்லிஆம்பியரை விநாடியால் பெருக்கியது, அதாவது கதிரின் அளவு) கூடினால் படம் கருகிப்போகும், குறைந்தால் வெளிறிப்போகும். டார்க் ரூமை விட்டு வெளியே வரும்போதே திட்டு விழும். கேசட் தகட்டை ரீடரில் வைத்துப் படிக்கும் சி.ஆர்., பேனலிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் படம் வரும் டி.ஆர். வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. ஒரே ஆளுக்கு 2 எம்ஏஎஸ் வைத்தாலும் 8 எம்ஏஎஸ் வைத்தாலும் கன்சோலில் வரும் படத்தின் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான்; மென்பொருள் சமன்செய்துதான் காட்டுகிறது. குறைத்து எடுத்த படம் மணல் தூவியதுபோல் பொரிபொரியாக இருக்கும், ரேடியாலஜிஸ்ட் போன் போட்டுக் கேட்பார். கூட்டி எடுத்த படம் வழவழவென்று அழகாக இருக்கும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எதற்கு வம்பு என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒருநாள் திரும்பிப் பார்க்கும்போது நோயாளிக்குத் தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு டோஸ் போய்க்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணைப் பார்த்துத்தான் முடியும்.

தாலுகா மருத்துவமனையிலோ சிறிய ஸ்கேன் சென்டரிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியனுக்காக எழுதியது இது. பெரும்பகுதி, பெரியவர்களை நிற்கவைத்து, கதிர் முதுகுப் பக்கம் நுழைந்து நெஞ்சுப் பக்கம் வெளியேறும்படி எடுக்கும் பி.ஏ. படம் பற்றியது. அதில் கை பழகிவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பதுதான்.

தூரமும் கிரிட்டும்

கேவியை (கதிரின் ஊடுருவும் வலிமையை முடிவுசெய்யும் கிலோவோல்ட்) தொடுவதற்கு முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். டியூபின் ஃபோகஸ் புள்ளியிலிருந்து டிடெக்டர் வரை 180 செ.மீ. இருக்க வேண்டும். தரையில் என்றோ ஒட்டிய டேப் அடையாளத்தை நம்ப வேண்டாம். ஸ்டாண்டை நகர்த்தியிருப்பார்கள், அடையாளம் அங்கேயே இருக்கும். 180 என்று நினைத்துக்கொண்டு 165 செ.மீ.யில் எடுத்தால், அதே எம்ஏஎஸ்ஸுக்கு டிடெக்டரில் விழுவது சுமார் 19 சதவீதம் கூடும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்று படித்ததுதான்: 180-ஐ 165-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். இதயமும் அதற்கேற்பச் சற்றுப் பெரிதாக விழும். படுக்கையில் ஏ.பி. (கதிர் நெஞ்சுப் பக்கம் நுழைவது) எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் இந்தத் தூரம்தான். அதனால்தான் இதய விகிதம் (மார்பின் அகலத்தில் இதயத்தின் அகலம் எவ்வளவு) 50 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்ற கணக்கை பி.ஏ. படத்தில் மட்டும் போடுகிறார்கள்.

அடுத்து கிரிட், சிதறிய கதிரை வடிகட்டும் தட்டு. ஸ்டாண்டில் இருக்கும் கிரிட்டின் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும்: விகிதம் 10:1 அல்லது 12:1, குவிய தூரம் எவ்வளவு, எந்தப் பக்கம் டியூபைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். 100 செ.மீ.க்கான டேபிள் கிரிட்டைக் கொண்டுவந்து 180-இல் வைத்தால் படத்தின் இரண்டு ஓரமும் வெளிறும். கிரிட்டைத் தலைகீழாகச் செருகினால் நடுவில் மட்டும் ஒரு பட்டை கறுப்பாக வந்து, இருபுறமும் ஒன்றுமே இருக்காது. இரண்டும் கண்ணில் பட்டுவிடும். வம்பு பிடித்தது மூன்றாவது வகை: டியூப் கிரிட்டின் நடுவுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் தள்ளியிருந்து, தூரமும் கிரிட்டின் குவிய தூரத்தோடு பொருந்தாமல் இருப்பது. அப்போது ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடச் சற்று வெளுப்பாக வரும். நீர்க்கோர்வையோ என்று சந்தேகப்பட வைக்கும். அப்படிப் பார்த்தால் உடலுக்கு வெளியே, தோள்பட்டைக்கு மேலே உள்ள காற்றுப் பகுதியைக் கவனியுங்கள். அங்கும் ஒரு பக்கம் வெளுப்பு என்றால் பழி கிரிட்டின் மேல், நோயாளிக்கு ஒன்றுமில்லை.

கிரிட் எதற்கு? மார்புபோல் அகலமான பகுதியில் டிடெக்டருக்கு வந்து சேர்வதில் பாதிக்கு மேல் சிதறிய கதிர். நடு மார்பில், இதயத்துக்குப் பின்னால், இன்னும் அதிகம். அதை வடிகட்டாவிட்டால் படம் முழுக்கப் புகை படிந்தமாதிரி இருக்கும். கிரிட் போட்டால் எம்ஏஎஸ் மூன்று நான்கு மடங்கு ஏறத்தான் செய்யும். 110 கேவிக்கு மேல் போனால் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

கேவி

கிரிட்டோடு பி.ஏ. என்றால் 110 முதல் 125 கேவி. 1996-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி 125 என்றே சொல்கிறது. காரணம் எளியது. கேவி குறைவாக இருக்கும்போது எலும்பு கதிரை மிக அதிகமாக உறிஞ்சும். 70 கேவியில் விலா எலும்புகள் பளீரென்று வெள்ளைக் கம்பிகளாக நிற்கும். அதன் பின்னால் இருக்கும் சிறு முடிச்சு மறைந்துபோகும். 120-இல் விலா எலும்பு மங்கி, நுரையீரலின் ரத்தக்குழாய்கள் அதை ஊடுருவித் தெரியும். இதயத்தின் நிழலுக்குள்ளே முதுகெலும்பும் லேசாகத் தெரியும். அதோடு எம்ஏஎஸ் குறைவதால் நேரமும் குறையும். இதயம் துடித்துக்கொண்டேதானே இருக்கிறது? எக்ஸ்போஷர் 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால் அதன் ஓரம் கூர்மையாக விழும்.

விலா எலும்பு முறிவு தேடி எடுக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அதற்கு 70 சொச்சம் கேவிதான் வேண்டும். கோரிக்கைச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வழக்கமான செஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு, முறிவு தெரியவில்லை என்று அப்புறம் குழம்புவது அடிக்கடி நடக்கிறது.

கிரிட் இல்லாமல் 120 கேவி வைக்காதீர்கள். வார்டில் மொபைல் கருவியில், கிரிட் இல்லாமல், 80 முதல் 90 கேவிதான் நல்லது.

டியூபின் வாயில் கூடுதல் ஃபில்டர் போடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். மொத்த ஃபில்டர் 3 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையக் கூடாது. அதன்மேல் 0.1 மி.மீ. செம்பு சேர்த்தால், படத்துக்கு உதவாமல் தோலிலேயே நின்றுவிடும் மெல்லிய கதிர்கள் கழிந்துவிடும். எம்ஏஎஸ் கொஞ்சம் ஏறும், தோல் டோஸ் இறங்கும்.

கேவிக்கும் எம்ஏஎஸ்ஸுக்கும் இடையே மனத்தில் வைத்துக்கொள்ள ஒரே வாய்ப்பாடு போதும்: கேவியை 15 சதவீதம் கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 100-இல் 5 எம்ஏஎஸ் வைத்தது 115-இல் 2.5. பழைய 100 எம்.ஏ. (மில்லிஆம்பியர்) கருவியோடு மல்லுக்கட்டுபவருக்கு இது பெரிய உதவி. அதில் 5 எம்ஏஎஸ் என்றால் 50 மில்லிசெகண்ட். இதயத்தின் ஓரம் கலங்கிவிடும். பாதியாக்கினால் 25. அந்த மாதிரிக் கருவியில் லைன் வோல்டேஜ் திருகு ஒன்றும் இருக்கும். கரண்ட் இறங்கும் நேரத்தில் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சரிசெய்யாவிட்டால், நீங்கள் வைத்தது 100 கேவி, டியூபுக்குப் போனது அதற்கும் கீழே.

எம்ஏஎஸ்: எங்கிருந்து தொடங்குவது

180 செ.மீ., 120 கேவி, 10:1 கிரிட், சீசியம் அயோடைடு பேனல் கொண்ட டி.ஆர். என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவுக்குக் கீழே உள்ள ஒல்லியானவருக்கு 1.2 முதல் 1.6 எம்ஏஎஸ். 60, 70 கிலோ நடுத்தர உடம்புக்கு 2 முதல் 2.5. 90 கிலோவைத் தாண்டியவருக்கு 4 முதல் 5. சி.ஆர். கேசட்டாக இருந்தால் இதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அந்தத் தகடு கதிரைப் பிடிக்கும் திறன் குறைவு. இவை ஓடத் தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் டியூபுக்கும் உங்கள் டிடெக்டருக்குமான எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பின்னால் வருகிறது.

எடையை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். பல வருடம் பீடி குடித்து நுரையீரல் ஊதிப்போன முதியவர் உயரமாக, மார்பு பீப்பாய் மாதிரி இருப்பார். உள்ளே முழுக்கக் காற்று. அவருக்கு நடுத்தர எம்ஏஎஸ்கூட அதிகம். மாறாக, ஒரு பக்கம் முழுவதும் நீர் கோத்தவருக்கு உடம்பு ஒல்லியாக இருந்தாலும் ஒரு படி கூட்ட வேண்டும். சதை 4 செ.மீ. கூடினால் எம்ஏஎஸ் இருமடங்கு என்பது பொதுவான கணக்கு. மார்பில் பாதி காற்று என்பதால் இங்கே அவ்வளவு தேவைப்படாது. பெண்களுக்கு மார்பகத்தின் நிழல் கீழ்ப்பகுதியில் விழுந்து நிமோனியாபோல் காட்டும். அதற்காக எம்ஏஎஸ்ஸைக் கூட்டாதீர்கள். மார்பகத்தைப் பக்கவாட்டில் விலக்கி, டிடெக்டரோடு ஒட்டி நிற்கச் சொன்னால் போதும்.

பக்கவாட்டுப் படத்துக்கு அதே கேவி, பி.ஏ.வைப்போல் மூன்று நான்கு மடங்கு எம்ஏஎஸ். டாக்டர் கேட்டால் மட்டும் எடுங்கள்.

தானியங்கி நிறுத்தம்

ஏ.இ.சி. என்ற தானியங்கிக் கட்டுப்பாடு இருந்தால் எம்ஏஎஸ்ஸை அதுவே முடிவுசெய்யும். வேண்டிய அளவு கதிர் வந்ததும் நிறுத்திவிடும். ஸ்டாண்டின் முகப்பில் மூன்று கட்டங்கள் வரைந்திருக்குமே, அவற்றின் பின்னால்தான் அளவிகள் இருக்கின்றன. பி.ஏ.வுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டும், பக்கவாட்டுப் படத்துக்கு நடுவிலுள்ளதும். பி.ஏ.வுக்கு நடு அளவியைத் தேர்ந்தெடுத்தால் அது முதுகெலும்பின் பின்னால் உட்கார்ந்திருக்கும். எலும்பைத் தாண்டிக் கதிர் வரும்வரை காத்திருந்து நுரையீரலுக்கு வேண்டாத டோஸைக் கொட்டிவிடும். படம் என்னவோ நன்றாகத்தான் வரும். அதுதான் ஆபத்து.

ஒரு பக்க நுரையீரலை எடுத்துவிட்டவர், ஒரு பக்கம் நீர் நிறைந்தவர் வந்தால், காற்றுள்ள பக்கத்து அளவியை மட்டும் வையுங்கள். பேஸ்மேக்கர் பெட்டி அளவியின் மேல் விழுந்தாலும் அப்படித்தான். இதயம் மிகப் பெரிதாக இருந்தால் இடப்பக்க அளவி பாதி மறைந்து நேரம் நீளும். வலது மட்டும் போதும்.

இன்னும் இரண்டு. முதலாவது, பேக்கப் எம்ஏஎஸ். எதிர்பார்க்கும் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கில் அதை வையுங்கள். கன்சோலில் டேபிள் பக்கியை (டேபிளுக்கு அடியில் கிரிட்டும் அளவியும் உள்ள தட்டு) தேர்ந்தெடுத்துவிட்டு ஸ்டாண்டில் எடுத்தால், டேபிளின் அளவிக்கு ஒரு பொட்டுக் கதிரும் போகாது. அது 'இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை' என்று பேக்கப் எல்லைவரை ஓடவிடும். எல்லை 100 எம்ஏஎஸ் என்றால் அந்த நூறு முழுவதும் நோயாளிக்குப் போகும். இரண்டாவது, ஒல்லியானவருக்கு எம்.ஏ. மிக அதிகமாக இருந்தால், ஜெனரேட்டர் நிறுத்துவதற்குள் வேண்டிய அளவைத் தாண்டிவிடும். நேரம் 3 மில்லிசெகண்டுக்கும் கீழே காட்டினால் எம்.ஏ.வைப் பாதியாக்குங்கள்.

நோயாளியை நிறுத்துவது

செட்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், திரும்ப எடுக்க நேர்ந்தால் டோஸ் இருமடங்கு. டிஜிட்டலில் ரிப்பீட்டுக்கு முதல் காரணம் நிறுத்தியது சரியில்லை என்பதே. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2015-இல் தந்த பரிந்துரைப்படி ரிஜெக்ட் (தேறாது என்று ஒதுக்கிய படங்கள்) 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் ஏன் என்று ஆராய வேண்டும்.

தாடையைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள். புறங்கை இடுப்பில், முழங்கையை முன்னால் தள்ளி, தோளைத் தளர்த்திக் கீழே இறக்கி, டிடெக்டரை அணைப்பதுபோல் உருட்டச் சொன்னால் தோள்பட்டை எலும்பு நுரையீரலைவிட்டு வெளியே போகும். மையக் கதிர் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில், ஏழாவது மார்பு முள்ளெலும்புக்கு நேராக. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறாரா என்று பின்னாலிருந்து பாருங்கள். படத்தில் இரண்டு காறை எலும்புகளின் உள்முனையும் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் விழுந்தால் திரும்பாமல் நின்றிருக்கிறார் என்று பொருள்.

கேசட்டை நெட்டையாக வைப்பதா குறுக்காக வைப்பதா என்று ஒரு கணம் யோசியுங்கள். 35-க்கு 43 செ.மீ. கேசட்டில் அகன்ற மார்புள்ளவரை நெட்டையாக எடுத்தால் நுரையீரலின் கீழ்க்கோணங்கள் வெட்டுப்படும். உடனே இன்னொரு படம்.

நம் ஊரில் மேல் நுரையீரலில் விழும் பொய் நிழல்களில் பல பின்னலிலிருந்து வருபவை. தடித்த சடை, அதிலும் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தவரின் சடை, நுனி நுரையீரலின் மேல் விழுந்தால் காசநோய்க் கறை மாதிரியே இருக்கும். தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள். ஜாக்கெட் கொக்கி, ஊக்கு, கற்கள் பதித்த துணி, தாயத்து, பாக்கெட்டில் செல்போன் எல்லாம் வெளியே. தாலியைக் கழற்றச் சொன்னால் பலர் தயங்குவார்கள், கழற்றவும் தேவையில்லை. மேலே தூக்கிப் பல்லால் மெல்லக் கவ்விக்கொள்ளச் சொன்னால் படத்தைவிட்டு வெளியே போய்விடும். வலி தைலமும் பற்றும் பூசியிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். சில பற்றுகள் படத்தில் விழும்.

அப்புறம் மூச்சு. "மூச்சை நல்லா உள்ள இழுங்க... விடுங்க. இன்னொரு தடவை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க." முதல் மூச்சு பழக்குவதற்கு, இரண்டாவதுதான் படத்துக்கு. நெஞ்சு தூக்குகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். உதரவிதானத்துக்கு மேலே பின்புற விலா எலும்பு பத்து எண்ண முடிந்தால் மூச்சு போதும். எட்டுதான் என்றால் கீழ்ப்பகுதி நெருங்கிப்போய், இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும்.

காலிமேட்டர் (கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் தடுப்பு) வெளிச்சத்தை உடம்பின் ஓரத்துக்குச் சற்று உள்ளே சுருக்குங்கள். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் கறுப்புப் பட்டை போட்டு மறைப்பது காலிமேஷன் ஆகாது. கதிர் போனது போனதுதான். அந்தப் பகுதியில் நோய் இருந்து மறைத்துவிட்டால் அது இன்னொரு வம்பு. ஈய வலது இடது அடையாளத்தை எக்ஸ்போஷருக்கு முன்பே வையுங்கள். பிறகு மவுஸில் ஒட்டும் எழுத்தை இதயம் வலப்பக்கம் உள்ள ஒருவர் வரும் நாளில் நம்ப முடியாது. வயிற்றை மறைக்க ஈயத்துணி கொடுத்தால், அது படத்துக்குள்ளும் ஏ.இ.சி. கட்டத்துக்குள்ளும் நுழையாமல் பாருங்கள். நுழைந்தால் பாதுகாப்புக்குக் கொடுத்ததே டோஸைக் கூட்டிவிடும்.

எக்ஸ்போஷர் எண்ணைப் படிப்பது

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஓர் எண் வரும். 2008 சர்வதேசத் தரப்படி அது இ.ஐ.; டிடெக்டருக்கு எவ்வளவு வந்தது என்பதை மைக்ரோகிரே கணக்கில் 100-ஆல் பெருக்கிச் சொல்வது. 250 என்றால் சுமார் 2.5 மைக்ரோகிரே. பக்கத்திலேயே டி.ஐ. என்ற விலகல் எண் வரும். நீங்கள் வைத்த இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனது என்பதை அது சொல்லும். பூஜ்யம் என்றால் இலக்கு. +1 என்றால் கால் பங்கு கூடுதல், -1 என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. +3 இருமடங்கு, -3 பாதி. மூன்றுக்கு மூன்று இருமடங்கு என்று ஞாபகம் வைத்தால் போதும்: இலக்கு 200, வந்தது 400 என்றால் டி.ஐ. +3, அடுத்த முறை அதே உடல்வாகுக்கு எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்க வேண்டும்.

பழைய சி.ஆர். கருவிகளில் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஃபியூஜியின் எஸ் எண் தலைகீழ்: எண் குறைந்தால் எக்ஸ்போஷர் கூடியது. 200 என்பது சுமார் 1 மில்லிராண்ட்ஜன். 100 வந்தால் இருமடங்கு போயிருக்கிறது, 400 வந்தால் பாதி. கோடக்கில் 2000 என்பது அதே 1 மில்லிராண்ட்ஜன், 300 கூடினால் இருமடங்கு. அக்ஃபாவில் 0.3 கூடினால் இருமடங்கு. கோடக்கில் பழகியவர் ஃபியூஜிக்கு மாறிய முதல் வாரம் எண் குறைவாக இருக்கிறதே என்று எம்ஏஎஸ்ஸைக் கூட்ட, எண் இன்னும் குறைய, இன்னும் கூட்டுவது நடக்கக்கூடியதுதான். சேர்ந்த முதல் நாளே எந்தப் பக்கம் ஏறினால் என்ன பொருள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மென்பொருள் படத்தின் எல்லையைத் தப்பாகப் பிடித்தால் எண்ணும் தப்பு. காலிமேஷன் அகலமாக இருந்து வெறும் காற்று நிறைய விழுந்தால் எண் பொய்யாக ஏறும். ஈயத்துணியோ உலோகமோ உள்ளே வந்தால் பொய்யாக இறங்கும். எண் விலகியிருக்கிறது, படத்தில் மணலும் இல்லை, செட்டிங்கும் வழக்கமானதே என்றால், எல்லையைக் கையால் திருத்தி மறுபடி பிராசஸ் செய்து பாருங்கள். ரிப்பீட் எடுக்க ஓடாதீர்கள். இன்னொன்று, இது டிடெக்டரின் கணக்கு. நோயாளியின் கணக்கு வேறு. 80 கேவியில் அதிக எம்ஏஎஸ்ஸும் 120 கேவியில் குறைந்த எம்ஏஎஸ்ஸும் ஒரே இ.ஐ.யைத் தரலாம், நோயாளிக்குப் போனது முன்னதில் அதிகம். அதைப் பார்க்க டி.ஏ.பி. எண்ணோ (டோஸையும் கதிர் விழும் பரப்பையும் பெருக்கியது) தோலில் விழும் டோஸோ வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: பி.ஏ. படத்துக்கு ஐரோப்பிய வழிகாட்டி வைத்த எல்லை 0.3 மில்லிகிரே, பிரிட்டனின் தேசிய அளவு 0.15.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை

சாதாரண நாட்களில் செய்யக்கூடியதுதான். அவசரப்படாமல் சில வாரம் ஒதுக்குங்கள்.

1. எதையும் மாற்றாமல், அடுத்த 50 பி.ஏ. படங்களுக்கு எடை, கேவி, எம்ஏஎஸ், இ.ஐ., டி.ஐ., யார் எடுத்தது என்று நோட்டில் எழுதுங்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரியுங்கள். ஒரே உடல்வாகுக்கு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண் இரண்டு மடங்கு வேறுபடுவதை இங்கேயே பார்த்துவிடுவீர்கள்.

2. தூரம், கிரிட், ஃபில்டர், கேவி ஆகியவற்றை மேலே சொன்னபடி நிலையாக்குங்கள். இனி கை வைப்பது எம்ஏஎஸ்ஸில் மட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

3. நோயாளிகளில் சோதிக்கும் முன், 10 செ.மீ. தடிமன் அக்ரிலிக் பலகையை ஸ்டாண்டில் வைத்து ஒரே செட்டிங்கில் மூன்று முறை எடுங்கள். இ.ஐ. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஏறி இறங்கினால் சிக்கல் ஜெனரேட்டரில் அல்லது டிடெக்டரில். சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை மேலே போக வேண்டாம்.

4. எம்ஏஎஸ்ஸை ஒரு படி, அதாவது சுமார் 20 சதவீதம், குறையுங்கள். டி.ஐ. ஒன்று இறங்கும். அந்த அளவில் பத்துப் பதினைந்து பேர். அடுத்து இன்னொரு படி.

5. எது எந்தச் செட்டிங் என்று சொல்லாமல் படங்களைக் கலந்து ரேடியாலஜிஸ்டிடம் கொடுங்கள். நுரையீரலின் ஓரம்வரை ரத்தக்குழாய் தெரிகிறதா, மூச்சுக்குழாயும் பிரியும் இடமும் தெரிகிறதா, இதயத்துக்குப் பின்னால் உள்ள நுரையீரலும் முதுகெலும்பும் தெரிகிறதா, இரண்டு கீழ்க்கோணமும் கூர்மையா என்று நான்கே கேள்வி.

6. முதலில் கெடுவது இதயத்துக்குப் பின்னால் உள்ள பகுதிதான், ஏனென்றால் கதிர் மிகக் குறைவாக வந்து சேரும் இடம் அது. அங்கே மணல் தெரிந்து 'போதாது' என்று சொல்லும் படியிலிருந்து ஒரு படி மேலே ஏறி நில்லுங்கள். அந்த இ.ஐ.தான் உங்கள் இலக்கு. அதைக் கருவியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பேராசையும் வேண்டாம். டோஸைக் கால்பங்காக இறக்கினால் மணல் இருமடங்காகும். ரேடியாலஜிஸ்ட் சந்தேகத்தில் சி.டி. எழுதிவிட்டால், மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு டோஸ் ஒரே நிமிடத்தில் போய்விடும். பி.ஏ. படம் ஒன்றின் டோஸ் 0.02 மில்லிசீவர்ட் அளவு. இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4. பயந்துபோய்க் குறைப்பது நோக்கமே அல்ல.

படம் கெடும் மற்ற இடங்கள்

மணல் தெரிகிறது, இ.ஐ.யும் குறைவு: எம்ஏஎஸ் போதவில்லை. மணல் தெரிகிறது, இ.ஐ. சரியாக இருக்கிறது: பிராசஸிங்கில் கூர்மை அளவை யாரோ ஏற்றியிருக்கிறார்கள். கூர்மையை ஏற்றினால் ஓரங்கள் பளிச்சென்று தெரியும், பார்க்க அழகு. ஆனால் சாதாரண ரத்தக்குழாய்கள்கூட வலைப்பின்னலாகத் தெரிந்து, நுரையீரல் திசு நோயோ என்று ஆளைக் குழப்பும். நுரையீரல் சுத்தக் கறுப்பாகி உள்ளே ஒரு கோடும் இல்லை என்றால் டிடெக்டர் நிரம்பி வழிந்துவிட்டது. வெளிச்சத்தை எவ்வளவு மாற்றினாலும் அந்த விவரம் திரும்பி வராது. அப்போது மட்டும் ரிப்பீட்.

படம் சப்பென்று விநோதமாக வந்தால், மெனுவில் செஸ்ட் பி.ஏ. என்பதற்குப் பதில் வேறு உறுப்பை அழுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். மறுபடி பிராசஸ் செய்தால் சரியாகிவிடும். ஆனால் வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் கன்சோலிலேயே திருத்தித் திருத்தி அனுப்பும் பழக்கம் வேண்டாம். கன்சோல் மானிட்டர் ரிப்போர்ட் எழுதும் மானிட்டர் அல்ல, அதில் அழகாக இருப்பது அங்கே அடித்துப்போனதுபோல் இருக்கும்.

சி.ஆர். கேசட்டுக்குத் தனிப் பராமரிப்பு. ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த தகட்டை எரேஸ் செய்யாமல் எடுக்கக் கூடாது. சுற்றுப்புறக் கதிரும் பக்கத்து அறைச் சிதறலும் அதில் பதிந்திருக்கும். எடுத்த பிறகும் சும்மா வைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் பதிவு கணிசமாக மங்கும். தகட்டில் தூசி என்றால் வெள்ளைப் புள்ளி, எப்போதும் அதே இடத்தில். எல்லாக் கேசட்டிலும் ஒரே இடத்தில் நீளமாக வெள்ளைக்கோடு என்றால் தூசி ரீடருக்குள்ளே. நிலையான கிரிட்டோடு எடுத்த படத்தில் பட்டுச்சேலை மினுங்குவதுபோல் அலையலையாகக் கோடுகள் வந்தால், கிரிட்டின் கோடுகளும் லேசர் ஸ்கேன் செய்யும் திசையும் இணையாக அமைந்துவிட்டன. கேசட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள், போய்விடும்.

வார்டும் குழந்தைகளும்

மொபைலில் 120 செ.மீ., 85 கேவி, கிரிட் இல்லாமல், நடுத்தர உடம்புக்கு 2 முதல் 3 எம்ஏஎஸ்ஸில் தொடங்கலாம். தூரம்தான் இங்கே வில்லன். ஒருநாள் 100, மறுநாள் 130 என்று எடுத்தால் டாக்டர் நேற்றையும் இன்றையும் ஒப்பிடவே முடியாது. டியூபில் ஒரு நூல் கட்டி 120-இல் முடிச்சுப் போட்டு வையுங்கள். கேவி, எம்ஏஎஸ், தூரம், உட்கார்ந்தாரா படுத்தாரா என்பதைப் படத்திலேயே எழுதிவிட்டால் அடுத்த ஷிஃப்ட்காரரும் அதையே வைப்பார்.

குழந்தைகளுக்கு கிரிட் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு 60 முதல் 65 கேவி, 1 முதல் 2 எம்ஏஎஸ், நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. செம்பு ஃபில்டர் இருந்தால் கட்டாயம் போடுங்கள். அழுகிறதே என்று காத்திருக்க வேண்டாம். வீறிட்டு முடித்து அடுத்த அழுகைக்கு மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் அழுத்தினால் பெரியவர்களிடம்கூடக் கிடைக்காத முழு மூச்சு கிடைக்கும். பிடித்துக்கொள்ள அம்மாவோ அப்பாவோ வரட்டும், ஈய ஏப்ரன் போட்டு, கை காலிமேட்டர் வெளிச்சத்துக்கு வெளியே. கர்ப்பமா என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். தினமும் அந்த அறையில் நிற்கும் நீங்கள் பிடிக்கக் கூடாது.

கண்டுபிடித்த எண்களை ஒல்லி, நடுத்தரம், பருமன், மொபைல், குழந்தை என்று ஒரே தாளில் எழுதி, தேதியும் போட்டு, கன்சோலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை இருபது படங்களின் டி.ஐ.யை எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலானவை பிளஸ் பக்கமே சாய்ந்திருந்தால் யாரோ கூட்டத் தொடங்கிவிட்டார்கள். டியூபோ டிடெக்டரோ கிரிட்டோ மாறிய அன்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அக்ரிலிக் பலகையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.